பவுத்திரத்துக்கு வரைபடம் பிறந்த கதை

மின்சார ரயில் பெட்டியின் உட்சுவரில், கதவை ஒட்டி, கையளவு ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். மூலம், பவுத்திரம், வெடிப்பு, ஆபரேஷன் இல்லாமல் குணம், கீழே ஒரு செல்போன் எண். பேசின் பிரிட்ஜ் தாண்டி வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கி எம்.கே.பி. நகருக்குள் நுழைகிறவர்கள் வருடக்கணக்காக இதைப் பார்த்து வருகிறார்கள். நேராக நின்று படிக்கிறவர் யாருமில்லை. ஆனால் கூட்டம் குறைந்த நேரத்தில் எண்ணைக் குறித்துக்கொள்கிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

மூலம் என்று வீட்டில் சொல்லிவிடலாம். பவுத்திரம் என்று சொல்ல நாக்கு எழாது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி கிளம்பும். இரண்டு நாள் உட்கார முடியாது. பிறகு அது தானாக உடைந்து, சீழ் வடிந்து, வலி போய்விடும். ‘சூட்டுக் கட்டி’ என்று சொல்லி, மோர் குடித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். சில வாரம் கழித்து அதே இடத்தில் ஈரம், லுங்கியில் கறை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூர்ப் பக்கம் ஷிப்டில் நிற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என யாருக்கும் வரலாம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், அதுவும் உழைத்துச் சம்பாதிக்கும் நடுவயதில். பெண்களுக்கு வந்தால் மருத்துவரிடம் போய்ச் சேர இன்னும் நாளாகும்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வேறொரு பயம். ‘அது திரும்ப வரும்’ என்பது எங்கள் பகுதியில் பவுத்திரத்தோடு ஒட்டியே வரும் பேச்சு. மூன்று முறை கத்தி வைத்தும் ஆறவில்லை என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு நால்வர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் அந்த ஸ்டிக்கர் எண்ணுக்குப் போன் செய்வார்கள். பல முறை அது திரும்ப வருவதில்லை, போகவே இல்லை என்பதுதான் உண்மை. உள்ளே ஒரு கிளையை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் அறுத்திருப்பார்கள். அந்தக் கிளையைக் கத்தி படுவதற்கு முன்பே பார்க்க முடியும் என்று மருத்துவ உலகம் நிச்சயமாகச் சொல்லத் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

ஆசனவாய்க்குள், விளிம்பிலிருந்து சற்று மேலே, சிறு சுரப்பிகள் சில உண்டு. அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் பிடித்தால் அந்தச் சீழ் வெளியேற வழி தேடும். சுற்றிலும் இரண்டு வளையச் சுருக்குத்தசைகள், உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று. சீழ் இரண்டுக்கும் நடுவே கீழிறங்கித் தோலுக்கு வரலாம், வெளிவளையத்தைத் துளைத்துக்கொண்டு பிட்டத்தின் கொழுப்புக்குள் போய் அங்கிருந்து வெளியே வரலாம், மேலேறி இடுப்புக்குழித் தசையைத் தாண்டியும் சுற்றி வரலாம். முடிவில் உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவில் ஒரு பாதை. எலி வளையைப் போலத்தான், ஒரு வாயை மூடினால் இன்னொரு பக்கம் தோண்டிக்கொண்டு வரும்.

பாதையைத் திறந்துவிட்டால் ஆறும் என்பது பழைய ஞானம். ஆனால் திறக்கும்போது பாதைக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள தசையும் அறுபடும். கொஞ்சம் அறுபட்டால் பாதகமில்லை. அதிகம் அறுபட்டால் மலத்தையும் காற்றையும் அடக்கும் சக்தி போய்விடும், அது பவுத்திரத்தைவிடக் கொடுமை. ஆகவே கத்தி எடுப்பவருக்கு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். பாதை எவ்வளவு தசையைக் கடக்கிறது? கிளை உண்டா, உண்டென்றால் எங்கே? நூற்றாண்டுகளாக இந்த இரண்டுக்கும் விரல் நுனியும் ஒரு கம்பியும்தான் விடை சொல்லி வந்தன.

பழங்கால ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர் இதைப் பகந்தரம் என்று அழைத்து ஐந்து வகையாகப் பிரித்தார். சல்லடை போலப் பல துளை உள்ளது ஒன்று, ஒட்டகக் கழுத்து போல் எழுந்து நிற்பது ஒன்று, சங்கின் சுழியாய் உள்ளே வளைவது ஒன்று. ஏஷணி என்ற ஆய்வுக்கம்பியை விட்டுப் பாதையைத் தேடச் சொன்னார். அந்த வகைப் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றின் வடிவத்தை அவர் எவ்வளவு தவிப்போடு தேடியிருக்கிறார்! வரைபடம் வேண்டும் என்ற ஆசை அங்கேயே தொடங்கிவிட்டது.

1686 நவம்பரில் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயிக்குப் பவுத்திர அறுவை நடந்தது. செய்தவர் ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர். மன்னனைத் தொடுமுன் அவர் பல மாதம் பாரிஸின் ஏழைகள் மீது பயிற்சி எடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஏழைகளுக்கென்றே இந்த நோய்க்கு ஒரு மருத்துவமனை வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1835-ல் லண்டனில் ஃபிரெடரிக் சால்மன் ஏழு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பெயரிலேயே ‘பவுத்திரத்தால் துன்புறும் ஏழைகளுக்கு’ என்று இருந்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-ல் பவுத்திர அறுவை செய்தவரும் சால்மன்தான், மயக்க மருந்து வராத காலம் அது. அந்தச் சிறு மருத்துவமனை 1854-ல் புதுக் கட்டடத்துக்கு மாறி செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை ஆனது. இந்தக் கதையின் பாதி அங்கேதான் நடக்கிறது.

அங்கிருந்த குட்சால் என்பவர் 1900-ல் ஒரு விதி எழுதிவைத்தார். வெளிவாய் முன்பக்கம் இருந்தால் பாதை நேராக உள்ளே போகும், பின்பக்கம் இருந்தால் வளைந்து நடுக்கோட்டில் போய்த் திறக்கும். இன்றும் மருத்துவ மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நல்ல விதி, ஆனால் எல்லா உடலும் விதியைப் படித்துவிட்டு நோய்வாய்ப்படுவதில்லை. 1976-ல் அதே மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸும் உடன் இருவரும் 400 நோயாளிகளின் பாதைகளை ஆராய்ந்து, தசையை எப்படிக் கடக்கிறது என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். கேள்வி இப்போது தெளிவாகிவிட்டது. அதற்கு முன்கூட்டியே விடை சொல்லும் கண்தான் இல்லை.

கண் தேடும் முயற்சி எக்ஸ்ரே காலத்திலேயே தொடங்கியிருந்தது. 1908-ல் சிகாகோவின் எமில் பெக், சீழ்ப் பாதைகளுக்குள் பிஸ்மத் பசையைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை எழுதினார். படத்துக்காகச் செலுத்திய பசை சிலருக்குப் புண்ணையே ஆற்றிவிட்டது. உடனே அதுவே சிகிச்சையாகப் பரவியது, பின்னால் பிஸ்மத் நஞ்சேறியவர்களின் செய்திகளும் வந்தன. பசை மாறி, திரவ மருந்து வந்தது, முறை நிலைத்தது. வெளிவாய் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் ஃபிஸ்டுலோகிராம் என்று எழுதிக்கொடுப்பது இதைத்தான். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-லேயே திறக்கப்பட்ட ஊர் இது. எக்ஸ்ரே நமக்குப் புதிதல்ல.

ஆனால் இந்த நோயில் எக்ஸ்ரே கைவிட்டது. படத்தில் மருந்து ஓடிய கோடு மட்டும் தெரியும், தசை தெரியாது. வெள்ளைக் கோடு ஒன்று மேலே போகிறது, சரி. அது சுருக்குத்தசைக்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா? சொல்ல முடியாது. சீழோ புதிதாக வளர்ந்த சதையோ அடைத்துக்கொண்ட கிளைக்குள் மருந்து போகவே போகாது, அப்படி ஒரு கிளை இருப்பதே தெரியாது. 1985-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் குய்பெர்ஸும் ஷுல்பனும் 25 பேரின் படங்களை அறுவையில் கண்டதோடு ஒப்பிட்டார்கள். சரியாகச் சொன்னது 16 சதவீதம். பாதைக்குள் மருந்தைச் செலுத்தும்போது வலிக்கும். அந்த வலியை இருபத்தைந்து பேர் தாங்கியதில் பலன் கிடைத்தது நால்வருக்கு. இதைப் படித்த பிறகும் ஒரு நோயாளிக்கு அந்தப் படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து ஒலி வந்தது. 1989-ல் செயின்ட் மார்க்ஸின் கதிரியல் மருத்துவர் கிளைவ் பார்ட்ரமும் சகாக்களும், விரல் பருமனுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியை ஆசனவாய்க்குள் வைத்துச் சுற்றிப் படம் எடுத்தார்கள். முதல் முறையாக இரண்டு தசை வளையங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. பாதை எந்த வளையத்தைத் துளைக்கிறது என்று பார்க்க முடிந்தது. ஒரு சங்கடம் இருந்தது. பழைய ஆபரேஷன் வடுவும் கறுப்பாகத் தெரியும், சீழும் கறுப்பாகத் தெரியும். 1993-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சியோங், வெக்ஸ்னர் முதலியவர்கள் இதற்கு அருமையான வழி கண்டார்கள். புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு, எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பது. அதை வெளிவாயில் செலுத்தினால் உள்ளே நுரைத்துக் குமிழி விடும், குமிழி அல்ட்ராசவுண்டில் வெள்ளையாக மின்னும். உயிருள்ள பாதை வெள்ளையாகிவிடும், செத்த வடு கறுப்பாகவே நிற்கும். விலையுயர்ந்த எதுவுமே இல்லாமல் யோசனையால் மட்டும் வந்த முன்னேற்றம் என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். ஆனாலும் அல்ட்ராசவுண்டின் பார்வை குட்டை. கருவிக்குப் பக்கத்தில் துல்லியமாகப் பார்க்கும், பிட்டத்தின் ஆழத்திலும் இடுப்புக்குழித் தசைக்கு மேலும் ஒளிந்திருக்கும் கிளை அதன் எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

எம்.ஆர்.ஐ. இந்த நோய்க்காகப் பிறந்ததல்ல. லாட்டர்பர் என்ற விஞ்ஞானி 1973-ல் காந்தப்புலத்தால் படம் எடுக்கும் வழியைக் காட்டினார். அதற்காக அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் கிடைத்தது. பவுத்திரத்துக்கு அதைவிட முக்கியமான திருப்பம் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 1985-ல் நிகழ்ந்தது. கிரேம் பிடரும் இயன் யங்கும் ‘ஸ்டிர்’ என்ற படமெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பும் பளிச்சென்று இருக்கும், திரவமும் பளிச்சென்று இருக்கும். பிட்டம் முழுக்கக் கொழுப்பு, அதற்குள் மெல்லிய சீழ்ப் பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? ஸ்டிர் முறை கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அணைத்துவிடும். இருட்டான பின்னணியில் சீழும் வீங்கிய பாதையும் மட்டும் ஒளிரும். எதையும் உள்ளே செலுத்த வேண்டியதில்லை, ஆசனவாய்க்குள் எந்தக் கருவியும் வைக்க வேண்டியதில்லை. கூச்சத்தால் வருடக்கணக்கில் மறைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மருத்துவக் கட்டுரைகள் எழுதுவதில்லை.

1989 வாக்கில் க்ரோன் என்ற குடல் நோயால் பவுத்திரம் வந்தவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்திருந்தார்கள். கதை நிஜமாகத் திரும்பியது 1992-ல். செயின்ட் மார்க்ஸிலும் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையிலும் இருந்த லன்னிஸ், ரெஸ்னெக், பிலிப்ஸ் முதலியோர் 16 நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் படம் எடுத்து, பிறகு அறுவையில் கண்டதோடு ஒப்பிட்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 14 பேரில் படமும் அறுவையும் ஒத்துப்போயின. மீதி இருவரில் ஒத்துப்போகவில்லை.

இந்த இருவரில்தான் எல்லாம் இருக்கிறது. அதுவரை எந்தப் புதுப் படமுறையையும் அறுவை மருத்துவரின் கண்ணோடு ஒப்பிட்டே மதிப்பெண் போட்டார்கள். அவர் திறந்து பார்த்தவர், அவர் சொன்னதே உண்மை, படம் வேறு சொன்னால் படம் தப்பு. அந்தக் கணக்கில் எம்.ஆர்.ஐ.க்கு இரண்டு பிழை. ஆனால் அந்த இருவரின் புண்ணும் ஆறவில்லை. மறுபடி பார்த்தபோது, படம் முதலிலேயே சுட்டிய இடத்தில் நோய் இருந்தது. திறந்து பார்த்த கண் தவறவிட்டதைத் திறக்காத படம் பார்த்திருக்கிறது. அப்படியானால் யாரை வைத்து யாரை அளப்பது?

விடையை அறுவை மருத்துவர் புக்கானனும் கதிரியல் மருத்துவர் ஸ்டீவ் ஹாலிகனும் சகாக்களும் 2002-ல் தந்தார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி மீண்டும் வந்த 71 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தைப் பார்த்து அதன்படி நடப்பதும் நடக்காததும் அறுவை செய்பவர் விருப்பம். படமும் அறுவையும் ஒத்த 40 பேரில் ஐந்து பேருக்கு நோய் நீடித்தது. ஒவ்வாத 31 பேரில் 16 பேருக்கு நீடித்தது, அந்தப் பதினாறிலும் எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்திலேயே. படம் சொன்னதை எப்போதும் கேட்ட மருத்துவர்களிடம் நோய் திரும்பியது 16 சதவீதம், ஒருபோதும் கேட்காதவர்களிடம் 57 சதவீதம். இந்த இரண்டாம் வகையினர் விரலின் நினைவை நம்பினார்கள்.

2004-ல் அதே குழு, விரல், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. என மூன்று முறைகளையும் ஒரே நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தது. 104 பேர், 108 பாதைகள். இம்முறை நடுவர் அறுவை மருத்துவர் அல்ல, ஆறிய புண்தான். யார் சொன்னபடி செய்தபோது உடல் குணமாயிற்றோ அவர் சொன்னதே சரி என்று கொண்டார்கள். விரலால் ஆராய்ந்தது 61 சதவீதம் பாதைகளைச் சரியாக வகைப்படுத்தியது. ஆசனவாய் அல்ட்ராசவுண்ட் 81. எம்.ஆர்.ஐ. 90. உள்வாயைக் கண்டுபிடிப்பதில் மட்டும் அல்ட்ராசவுண்ட் 91, எம்.ஆர்.ஐ. 97 என நெருங்கி வந்தன. ஆகவே முதல் முறை வந்த எளிய பவுத்திரத்துக்கு, கை தேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மறுபடி வந்ததற்கும், பல துளை உள்ளதற்கும், க்ரோன் நோயாளிக்கும் எம்.ஆர்.ஐ. இல்லாமல் கத்தி எடுப்பதற்கு இனி நியாயமில்லை.

நம் நாட்டில் இந்த நோய்க்கு நூலும் உண்டு. காரம் ஏற்றிய நூலைப் பாதையில் கட்டிச் சிறிது சிறிதாக அறுத்து ஆறவைக்கும் முறை, தமிழில் காரநூல். பழைய ஏட்டு முறையைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தேஷ்பாண்டேயும் சங்கரனும் 1960-களில் மீட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் சோதித்து 1991-ல் முடிவை வெளியிட்டது. ஆற அதிக நாள் எடுத்தது, ஆனால் திரும்ப வந்தது அறுவையைவிடக் குறைவு. காரநூலுக்கும் வரைபடத்துக்கும் பகை இல்லை. நூலை எந்தப் பாதையில் விடுவது என்று தெரிந்தால்தானே கட்ட முடியும்? ஹரியானாவின் பஞ்ச்குலாவில் பங்கஜ் கார்க் என்ற அறுவை மருத்துவர், அறுவை செய்துகொண்ட 440 பேரை ஆராய்ந்து, பழைய வகைப்பாடுகள் போதவில்லை என்று 2017-ல் புதிய ஒன்றை முன்வைத்தார். எந்த வகையில் தசையை அறுத்துத் திறக்கலாம், எந்த வகையில் கூடாது என்று சொல்வதே அதன் நோக்கம். காசநோய் இன்னும் நம்மோடு இருப்பதால் இங்கே ஒரு கூடுதல் கடமையும் உண்டு. பாதையிலிருந்து எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில பவுத்திரங்களின் வேர் காசநோய், அதை எந்தப் படமும் உறுதியாகச் சொல்லாது.

எம்.கே.பி. நகர்க்காரர்களுக்கு இதெல்லாம் எட்டாத லண்டன் கதை அல்ல. பழைய வண்ணாரப்பேட்டையில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டது, இன்று ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் எம்.ஆர்.ஐ. கட்டணம் தனியாரைவிட நன்றாகக் குறைவு. முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் அதையும் கையோடு எடுத்துப் போய்க் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்தால் அதில் கடிகார மணி இருக்கும். நோயாளி மல்லாந்து கால் தூக்கிப் படுத்திருப்பதாக வைத்து, முன்பக்கம் 12, பின்பக்கம் முதுகெலும்பு ஓரம் 6. ‘6 மணியில் உள்வாய்’ என்றால் பின்பக்க நடுவில் பாதை தொடங்குகிறது. கூடவே ஒரு கிரேடு இருக்கலாம், 2000-ல் லீட்ஸ் நகரின் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனைக் கதிரியல் மருத்துவர்கள் வகுத்தது. ஒன்று என்றால் வளையங்களுக்கு நடுவே நேரான பாதை, இரண்டு என்றால் அதோடு கிளையோ சீழ்க்கட்டியோ, மூன்று என்றால் வெளிவளையத்தைத் துளைத்தது, நான்கு அதோடு கிளையோ கட்டியோ, ஐந்து என்றால் இடுப்புக்குழித் தசைக்கு மேலே போனது. மூன்றுக்கு மேல் எண்ணைக் கண்டால், இதில் பழக்கமுள்ள அறுவை மருத்துவர் யார் என்று கேட்கத் தயங்கக் கூடாது. இதற்கு முன் ஆபரேஷன் ஆகியிருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துப் போங்கள். வெளிப்புண் மூடிய பிறகும் உள்ளே பாதை சில மாதம் ஒளிரும். அது ஆறிக்கொண்டிருக்கும் வடுவா, மிச்சம் நிற்கும் சீழா என்று சொல்ல, கதிரியல் மருத்துவருக்குப் பழைய படம் பக்கத்தில் இருக்க வேண்டும்.